போல்ட் வரிசைக்கு மேலே ஆறடி

தையல் ஆலையில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். நானூறு மெஷின்களில் எது நின்றாலும், எது நூலை அறுத்தாலும், "திருப்புளியைக் கூப்பிடு" என்றுதான் குரல் எழும். அங்கே மெக்கானிக்குகள் ஆறு பேர். அவள் ஒருத்திதான் பெண். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். பதினாறு வருடத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவள் கணவர் அதே ஆலையின் கூரைக்காரர். மழைக்கு முன்னால் சிமென்ட் தகட்டுக் கூரையில் ஏறி, ஒழுகும் இடங்களைத் தேடி அடைப்பது அவர் வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தகடுகளைக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் மேலே வரிசையாகத் தெரியும். அந்த வரிசையின் மேல்தான் கால் வைக்க வேண்டும், ஏனென்றால் போல்ட்டுக்கு அடியில் இரும்பு இருக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் இருப்பது வெறும் தகடு. அது பூனையைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

போன வருடம் அவர் அந்தக் கூரையைப் பிளந்துகொண்டு கீழே விழுந்தார். துணி மூட்டைகள் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை. இரண்டு வாரத்தில் நிர்வாகத்தின் அறிக்கை வந்தது. "பணியாளர் போல்ட் வரிசையை விட்டு விலகிக் கால் வைத்ததே விபத்துக்குக் காரணம்." கையெழுத்துப் போட்ட நாலு பேரில் ஒருவர்கூட அந்தக் கூரையில் ஏறியதில்லை. விழுந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. குற்றம் அவருடையது என்று ஆனபின் வைத்தியச் செலவும் அவருடையது, வேலை போனதும் அவருடையது.

முதல் மூன்று மாதம் அவர் கத்தினார். "வரிசை மேலதான்டி நடந்தேன், இருபது வருஷமா வேற எங்க நடந்திருக்கேன்?" பிறகு கத்துவது குறைந்தது. ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நூறு தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை தப்பாத்தான் வெச்சேனோ என்னமோ."

இடுப்பு உடைந்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். இதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதனைத் தள்ளிவிட்டு, தானே விழுந்ததாக அவன் வாயாலேயே சொல்ல வைப்பதற்கு நாலு கையெழுத்துப் போதும் என்றால், அந்தக் கையெழுத்தில் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

அப்போதுதான் ஆலையின் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதம் எட்டாம் தேதி பழைய கூரை முழுவதும் மாற்றப்படும். ஐந்து வாரம் இருந்தது. அதன்பின் அவர் எங்கே கால் வைத்தார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு அவள் எழுதிக் கொடுத்தாள். "பாதுகாப்புக் காரணங்களால் கூரையின் மேல் எவரையும் அனுமதிக்க இயலாது" என்று பதில் வந்தது. போன வருடம் கயிறுகூடக் கொடுக்காமல் ஆளை ஏற்றியபோது இந்தப் பாதுகாப்பு எந்த ஊருக்குப் போயிருந்தது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

தொழிற்சங்கத்தில் ஒரு அக்கா இருந்தாள். பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை. அவள் தொழிலாளர் அதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"தெளிவா ஒரு படம் கொண்டா, நானே நேர்ல வர்றேன்னு சொல்றார். போல்ட்டு தெரியணுமாம். மங்கலா, ஆடிப்போன படம்னா எடுத்துட்டே வராதன்னுட்டார்."

கீழிருந்து பார்க்க வழியில்லை, உள்கூரை போட்டு மூடியிருந்தது. ஆலைக்குப் பின்சந்தில் துணி தேய்க்கும் அம்மாவின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கூரையின் முகடு மட்டும் தெரிந்தது. அந்த இடம் முகட்டுக்கு அந்தப்புறம், சற்றே கீழே. நீளக் குழாயின் முனையில் செல்போனைக் கட்டி நீட்டிப் பார்த்தாள். குழாய் வளைந்து, செல்போன் அந்த அம்மாவின் கொடியில் தொங்கிய போர்வையைத்தான் படம் பிடித்தது. கல்யாணங்களுக்குப் பறக்கும் கேமரா கொண்டுபோகும் ஒரு வீடியோக்காரரைக் கேட்டாள். "கம்பெனி விழாவெல்லாம் நான்தான்மா எடுக்கறேன். என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத" என்று அவர் கைகூப்பினார்.

செல்போன் பழுது பார்க்கும் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி கட்டிய ட்ரோன் ஒன்று தூசு படிந்து கிடந்தது. நாலு கை, நாலு மோட்டார், நடுவில் மோட்டார்களை ஆட்டிவைக்கும் சின்ன மூளைப் பலகை. யாரோ கல்லூரி மாணவன் பாதியில் அலுத்துப்போய் விட்டுப்போனது.

"அக்கா, அது விளையாட்டுச் சாமான் இல்ல. படிச்ச பையனே கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான்" என்றார் கடைக்காரர்.

"அவன் திருப்புளி பிடிச்சிருப்பானா?"

"பிடிச்சிருக்க மாட்டான்."

"அப்ப எடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்தார். தன் பழைய லேப்டாப்பையும் ஒரு சிறு கேமராவையும் இரவலாகச் சேர்த்துக் கொடுத்தார். "கண்ணு பத்திரம். முதல்ல இறக்கையைக் கழட்டிட்டுத்தான் மோட்டாரை ஓட்டணும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது பக்கத்திலயே இருங்க" என்று மட்டும் சொன்னார். மற்றதை அவள் வீடியோக்களைப் பார்த்தும், கையேட்டை வரிவரியாக எழுத்துக்கூட்டியும் கற்றுக்கொண்டாள்.

முதல் தவறு அவள் தொழில் செய்த தவறு. தையல் மெஷினில் கைச்சக்கரம் எப்போதும் தைப்பவரை நோக்கித்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும். பதினாறு வருடம் பார்த்த கண், நாலு மோட்டாரையும் ஒரே பக்கமாகச் சுற்றும்படி ஒயரை மாட்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அதை வைத்து ரிமோட்டை உயர்த்தியதும், அது எழும்பாமல் உறுமி, மண்ணை வாரி அடித்து, கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்தது. எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரு பக்கமும் மற்ற இரண்டு மறுபக்கமும் சுற்றினால்தான் உடம்பு நிலையாக நிற்கும் என்று கையேட்டில் படம் போட்டே காட்டியிருந்தது. மூலைக்கு மூலை இருந்த இரண்டு மோட்டார்களின் ஒயர்களை மட்டும் மாற்றி மாட்டினாள். உடைந்த இறக்கைக்குப் புது இறக்கை மாட்டினாள்.

அது எழும்பியது. எழும்பி நடுங்கியது.

சாதாரண நடுக்கம் இல்லை, குளிர்காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி. கேமராவில் வந்த படத்தில் தரை தண்ணீர் போல அலைந்தது. ஒரு புல்கூடத் தெளிவாக இல்லை. இதில் போல்ட்டு எங்கே தெரியப்போகிறது?

அந்த மூளைப் பலகைக்குள் ஒவ்வொரு சாய்வுக்கும் மூன்று எண்கள் உண்டு. சாய்ந்தால் எவ்வளவு வேகமாக நிமிர்த்த வேண்டும் என்பது முதல் எண். காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் எவ்வளவு விடாப்பிடியாக எதிர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. நிமிரும் வேகத்துக்கு எவ்வளவு பிரேக் போட வேண்டும் என்பது மூன்றாவது. திருப்புளிக்கு இது புரிவதில் கஷ்டமே இல்லை. மேல்நூலையும் அடிநூலையும் சமமாக இழுத்து வைத்துத் தையலைத் திருத்துகிறவளுக்கு, ஒன்று கூடினால் மற்றது கோணும் என்பது விரல் நுனியில் இருக்கும் பாடம்.

ஆகவே முதல் எண்ணைக் குறைத்தாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் ட்ரோன் குடித்தவன் போலத் தள்ளாடியது. பிரேக்கைக் கூட்டினாள். மோட்டார்கள் புறங்கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டன. இரண்டு வாரம் இப்படிப் போனது. விடியற்காலையில் மனையில் பறக்கவிடுவாள், ஆலைக்குப் போவாள், வந்து லேப்டாப்பைத் திறப்பாள். அவளிடம் இருந்த பொறுமையெல்லாம் கரைந்து, ஒரே நாளில் ஐந்து எண்களை மாற்றினாள். எது எதைக் கெடுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கணவர் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார். ஒரு நாள் காலையில்தான் கேட்டார்.

"படம் வந்து, அதுல நான் வரிசைய விட்டு விலகி வெச்சிருந்தது தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

அவள் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சா, தெரிஞ்சதா இருக்கட்டும். தெரியாமலேயே தினம் சாகறதுக்கு அது மேல்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன? எனக்கும் அதேதான். பயந்துகிட்டேதான் முடுக்கிட்டு இருக்கேன்."

அவளே சொன்ன அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. பயந்துகொண்டே முடுக்குவது. ஆலையில் எந்த மெஷினில் திருகு கழன்றாலும் மெக்கானிக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். வாங்கிப்போட்ட வாஷர்கள் மட்டமானவை என்பதற்கு யாருக்கும் கடிதம் வந்ததில்லை. அதனால் அங்கே ஆறு மெக்கானிக்குகளுக்கும் ஒரு பழக்கம். முழுவதும் இறுக்கியபின் இன்னும் கால் சுற்று. திருகுக்கு அந்தக் கால் சுற்று தேவையே இல்லை. அது மேனேஜருக்காகச் சுற்றுவது.

மூளைப் பலகையை நாலு சிறு ரப்பர் வளையங்களின் மேல் உட்கார்த்தி நாலு திருகு போட்டிருந்தாள். விரலால் அசைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. கையேட்டின் படத்தில் அந்த வளையங்கள் பீப்பாய் போல உப்பியிருந்தன. அவளுடையவை நசுங்கி, சட்டைப் பொத்தான் போலத் தட்டையாகியிருந்தன. மோட்டாரின் அதிர்வைத் தடுக்கத்தான் ரப்பர். அதற்கு நெளிய இடம் இருக்க வேண்டும். இடமே இல்லாமல் நசுக்கியதால் அதிர்வு முழுவதும் பலகைக்கு நேராக ஏறியது. பலகை அதைச் சாய்வு என்று நினைத்து, இல்லாத சாய்வை நொடிக்கு நூறு தடவை திருத்திக்கொண்டிருந்தது. எண்களில் கோளாறே இல்லை.

புது வளையங்கள் மாட்டினாள். திருகு ரப்பரைத் தொட்டதும் கையை நிறுத்தினாள். அந்தக் கால் சுற்றை விரல்கள் தாமாகச் சுற்றப் பார்த்தன. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். திருகு கழலாமல் இருக்க ஒரு சொட்டுப் பசை போதும் என்று கையேடே சொல்லியிருந்தது.

மாற்றிய எண்களையெல்லாம் அழித்து, ஆரம்பத்தில் இருந்தவற்றையே திரும்பப் போட்டாள். மறுநாள் காலை ட்ரோன் எழும்பியபோது சத்தமே வேறாக இருந்தது. உறுமல் போய் ஒரே சுருதியில் ரீங்காரம். அவள் சிரித்ததைக் கணவர் பின்வாசலிலிருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டாள். முதல் எண்ணை நடுங்கும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினாள். சட்டென்று நிறுத்தும்போது வரும் ஆட்டம் போகும்வரை பிரேக்கைக் கூட்டி, மோட்டாரைத் தொட்டு, வெதுவெதுப்போடு விட்டாள். தரையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்தாள். அதன் நாலு ஓரத்துக்குள் இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும் என்பது பரீட்சை.

அதில்தான் புதுத் தொல்லை. ரிமோட்டில் விரலை அசைக்காமல் வைத்திருந்தாலும் ட்ரோன் மெல்ல இடப்பக்கம் நழுவியது. காற்றே இல்லாத காலையிலும் இடப்பக்கமே போனது.

"மட்டமெல்லாம் சரியாத்தான் வெச்சேன். பலகைதான் கோளாறு போல" என்று அலுத்துக்கொண்டாள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. ஒரு வருடத்தில் அவர் அடித்த முதல் கிண்டல் அது.

"வக்கணைக்குக் குறைச்சல் இல்ல. வந்து நீங்க பறக்க விடுங்களேன்."

"எங்க வெச்சு மட்டம் பார்த்த?"

"வேற எங்க? சமையல் மேடையிலதான்."

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். பரண் ஓரத்திலிருந்து தன் ரசமட்டத்தை எடுத்து, துடைத்து, சமையல் மேடையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கியது.

"தண்ணி கழுவுதொட்டிப் பக்கம் ஓடணும்னு நான்தான் சாய்ச்சுப் பூசினேன். உன் ட்ரோன் பாவம், தொட்டியத் தேடிட்டுப் போகுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மேடை உண்மையிலேயே கோணல்! சாய்ந்த மேடையைச் சமம் என்று பலகைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கணவர் ஒரு பலகைத் துண்டை எடுத்து, அடியில் காகிதம் மடித்து வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை திருத்தினார். அதன் மேல் வைத்து மறுபடி மட்டம் காட்டினாள். அன்று ட்ரோன் விரிப்பின் நடுவில் இரண்டு நிமிடமும் நின்றது. மறுநாளும் நின்றது. பேட்டரியைச் சற்றுப் பின்னே தள்ளிக் கட்டி, இரண்டு விரல் நுனியில் உடம்பைத் தாங்கி எடை பார்க்க வேண்டும் என்பதும் அவர் யோசனைதான்.

கூரை பிரிக்க நாலு நாள் இருக்கும்போது ஆலைக்கு விடுமுறை வந்தது. கூரைக்கு அடியில் ஒரு ஆள்கூட இல்லாத நாளில்தான் பறக்கவிட வேண்டும் என்பதில் திருப்புளி பிடிவாதமாக இருந்தாள். காலை பத்து மணி. துணி தேய்க்கும் அம்மாவின் வீட்டுக்கு அவர்களோடு சங்கத்து அக்காவும் வந்தாள். மாடிக்கு இருபத்திரண்டு படி. கணவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள் திருப்புளி.

"இடம் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினார். துணி தேய்க்கும் அம்மா பின்னாலேயே வந்தாள். "மெதுவா, மெதுவா. என் படிக்கட்டுக்கும் வயசாயிடுச்சு, உங்களுக்கும் வயசாயிடுச்சு" என்றாள்.

முதல் பேட்டரியில் காற்றைப் பழகிப் பார்த்தாள். இரண்டாவதைப் போட்டு முகட்டைத் தாண்டினாள்; முகட்டுக்கு மேலே ட்ரோன் தெரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்துக்குத்தான் மின்சாரம்.

"பின்சுவர்ல ரெண்டாவது புகைக்குழாய் தெரியுதா? அதுல இருந்து மூணு தகடு வலப்பக்கம். இன்னும். நில்லு. இப்ப இறக்கு." அவர் குரல் மாறியிருந்தது. பத்து ஆள் வைத்து வேலை வாங்கிய குரல். "இன்னும் ரெண்டடி. ஆறடி இருக்கும் இப்ப. போதும், அங்கயே நிறுத்து."

கீழே சந்துக்கு ஆலைக் காவலாளி வந்து அண்ணாந்தார். "என்னம்மா அது, வண்டு மாதிரி?"

"படம் எடுக்கறோம், அண்ணே" என்றாள் சங்கத்து அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து. "உங்க தலைக்கு மேலயும் அதே கூரைதான்."

காவலாளி கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசல் பக்கத்தில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல நடந்துபோனார்.

சந்திலிருந்து ஒரு வீச்சுக் காற்று ஏறியது. கொடியில் துணிகள் படபடத்தன. ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்தது. திருப்புளியின் விரல் ரிமோட்டில் துடித்தது, அவள் அதை அடக்கினாள். ட்ரோன் தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்து, அதே இடத்தில் நின்றது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐம்பது, அறுபது, எழுபது. பேட்டரி எச்சரிக்கை ஒலித்ததும் திருப்பிக் கொண்டுவந்து மாடியில் இறக்கினாள்.

வீடு போகும்வரை யாராலும் பொறுக்க முடியவில்லை. கீழே இறங்கியதும், துணி தேய்க்கும் மேஜையில் இருந்ததை ஒதுக்கி, அதன் மேலேயே லேப்டாப்பைத் திறந்தார்கள். படம் ஆடவில்லை. தகட்டின் பாசி தெரிந்தது. போல்ட்டுத் தலையின் துரு தெரிந்தது. விழுந்த இடத்தில் ஓட்டையை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போல ஊடே தெரியும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

கணவர் திரையில் விரலை வைத்து நகர்த்தினார். ஒரு போல்ட், இன்னொரு போல்ட், இன்னொன்று. நேர்கோடு. கோட்டின் மேலேயே ஓட்டை. ஓட்டையைத் தாண்டி அதே கோட்டில் மீண்டும் போல்ட்டுகள்.

"வரிசை மேலதான்" என்றார். விரலை ஓட்டையின் விளிம்பில் நிறுத்தினார். "வரிசை மேலதான் வெச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் உடைஞ்சுது?" என்றாள் சங்கத்து அக்கா.

திருப்புளி படத்தைப் பெரிதாக்கினாள். பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் வந்தது, பாதியில் நின்றது. முனை அறுத்த முனை. அதற்கப்பால் காற்றுக்குழாய் ஒன்று சட்டத்தின் இடத்தில் குறுக்கே போனது. குழாயைக் கொண்டுபோவதற்காக நாலடி நீளத்துக்கு இரும்பை அறுத்து எடுத்திருக்கிறார்கள். மேலே போல்ட்டுகளைக் கழற்றினால் அந்த ஓட்டைகளில் மழை ஒழுகும் என்று அவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே நடப்பவனுக்கு வரிசை இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. அறுத்தவர்களும் அறுக்கச் சொன்னவர்களும் இதைக் கூரைக்காரரிடம் சொல்லவே இல்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டபோதாவது அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துணி தேய்க்கும் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சங்கத்து அக்கா படத்தை அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வர்றார். அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல ஒரு தகட்டையும் தொடக்கூடாதுன்னு ஆலைக்கு எழுதிட்டாராம். விழுந்தவர்கிட்ட இருந்து ஒரு புகார் வேணும்கறார். நான் எழுதித் தரட்டுமா, அண்ணே? கையெழுத்து மட்டும் போடுங்க."

"வேணாம். நானே எழுதறேன்" என்றார் அவர்.

துணி தேய்க்கும் அம்மா கணக்கு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் குனிந்து, பள்ளிப் பையன் மாதிரி அழுத்தி எழுதினார். திருப்புளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"'தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது' எதுக்கு?"

"கடுதாசின்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"யார் சொன்னது? எதுக்குத் தாழணும் இப்ப?"

அவர் பேனாவை நிறுத்தி அந்த வரியைப் பார்த்தார். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் கீழே, "நான் போல்ட் வரிசையின் மேல்தான் நடந்தேன்" என்று எழுதினார்.